சந்தனம் குளிர்ச்சிதானுங்களே

ஏனுங், அந்தக் குடையை மடக்கீறாதீங்க. அப்படியே புடிங்க. சித்த இக்கட்டால, இந்தப் பக்கமா சாச்சு... ஆங், போதும். வெயிலுக்கு இல்லீங்க, வெயில் என்னை ஒண்ணும் பண்ணாது. அதோ கீழ வரிசையா ஷெட்டுத் தெரியுதுங்களா, வண்டியெல்லாம் நிக்கறது, அதுக்குப் பேரு பிட். அங்கிருந்து பாத்தா என்ற மொகம் தெரியக்கூடாது. சந்தேகமாப் பாக்காதீங்க, நானும் உங்களை மாதிரி டிக்கெட் வாங்கிட்டுத்தான் வந்திருக்கறேன்.

ரேஸ் பாக்கறது இதுதான் மொதத் தடவைங்களா? அப்படிங்களா. மெட்ராஸ்ல இருந்து கோயமுத்தூருக்கு ஒறம்பரையா சொந்தக்காரங்க ஊட்டுக்கு வந்தவரை இங்க தாட்டி உட்டுட்டாங்களாக்கும். நல்லதாப் போச்சு, நானே சொல்லித் தர்றேன். அந்த மஞ்ச வண்டியைப் பாருங்க. தரையோட தரையா, ரெண்டே பேர் உக்கார்ற மாதிரி. ஏழாம் நம்பர். அதை ஓட்டறது ஆருன்னு நெனைக்கறீங்க? என்ற புள்ளைங்க. சிந்துஜான்னு பேரு. நான் அம்மிணின்னுதான் கூப்புடுவேன்.

புள்ள வண்டி ஓட்டறா, அப்பன் எதுக்குக் குடைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கறான்னுதானே கேக்கறீங்க? கேப்பீங்கன்னு தெரியும். சொல்றேன். உங்களைப் பாத்தா நாயமான மனுசரா இருக்கறீங்க. எங்க ஊட்டுல நாயம் சொல்ல ஆள் இல்லீங்க.

இன்னைக்கு இந்த ரேஸ்ல மொதல்ல வர்றவங்களை ஒரு பெரிய டீம் எடுத்துக்குது. வெளிநாடெல்லாம் கூட்டீட்டுப் போயி ஓட்ட உடுவாங்க. அதுக்கு வயசு வரம்பு இருக்குது. அடுத்த வருசம் அம்மிணி அந்த வயசைத் தாண்டீருவா. இன்னைக்கு உட்டா உட்டதுதான். போன வருசமே கைக்கு வந்துட்டுதுங்க, வாய்க்கு வரல. அது எதனால போச்சுன்னு என்ற ஊட்டுக்காரியைக் கேட்டா என்னையச் சொல்லுவா. அம்மிணியைக் கேட்டா ஒண்ணுமே சொல்லமாட்டா. அதுதானுங்க எனக்குப் பெரிய வெசனம்.

இருங்க இருங்க, லைட்டு மாறப்போகுது. எந்திரிக்காதீங்க! குடை!

போய்ட்டாங்க. பாத்தீங்களா, நாலாவதா நின்னவ மொத வளைவுலயே மூணாவதாப் போய்ட்டா. சத்தத்தைக் கேளுங்க. மஞ்ச வண்டிச் சத்தம் மட்டும் தனியாக் கேக்கும் பாருங்க, ஒரே சீரா. அந்தச் சத்தத்துக்குப் பின்னால எவ்வளவு வேலை இருக்குதுன்னு இங்க உக்காந்திருக்கற ஒருத்தருக்கும் தெரியாது.

இங்க கோயமுத்தூர்ல, கணபதிங்கற எடத்துல நமக்குக் கிரைண்டர் பட்டறைங்க. சென்னியப்பன்னு கேட்டா பஸ் ஸ்டாண்டுலயே வழி சொல்லுவாங்க. மோட்டாரு, பெல்ட்டு, கல்லு, எல்லாம் இந்தக் கையால செஞ்சு வந்தவன். அதனால எஞ்சின்னா எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல. உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். எஞ்சினுக்குள்ள பெட்ரோலும் காத்தும் கலந்து போகுது. பெட்ரோல் எச்சாப் போச்சுன்னா கரும்பொகை தள்ளும், இழுவை இருக்காது. காத்து எச்சாப் போச்சுன்னா மொதல்ல வண்டி சும்மா பறக்கும். ஆனா உள்ள சூடு ஏறிக்கிட்டே போயி, கடைசியில பிஸ்டன் ஓட்டையாயிரும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு பதம் இருக்குது. மாவாட்டறப்பத் தண்ணி ஊத்தறோமில்லீங்களா, அதேதான். அந்தப் பதத்தைப் புடிச்சுட்டா, அதே எஞ்சின், அதே பெட்ரோல், ஆனா வண்டி வேற வண்டி.

அந்தப் பதம் புடிக்கறதுக்குன்னு அம்மிணி ஒருத்தனைக் கூட்டியாந்தா. ஜெபசிங்னு பேரு, தூத்துக்குடிக்காரன். கையில ஸ்பேனரே இல்லீங்க, ஒரு லேப்டாப்பு. வண்டியோட பின்சக்கரத்தை உருளை மேல ஏத்தி, இழுத்துக் கட்டி, நின்ன எடத்துலயே ஓட்டறாங்க. அவன் லேப்டாப்புல கட்டம் கட்டமா நம்பரு. ஒரு கட்டத்தை மாத்துவான், ஓட்டச் சொல்லுவான், பாப்பான், மறுபடி இன்னொரு கட்டம். காலையில ஆரம்பிச்சவன் சாயங்காலம் வரைக்கும் இதே வேலை. நான் பக்கத்துலயே நின்னேன். சும்மா நிக்கலீங்க, சொல்லிக்கிட்டேதான் நின்னேன். "தம்பி, பெட்ரோலை ஒரு கை எச்சா உடு, புள்ளைக்கு எதுலயும் கொறை வெக்காத"ன்னு.

அவனும் "சரிங்க சார், சரிங்க சார்"னுதான் சொன்னான். ரெண்டு தடவை காப்பி வாங்கியாரச் சொல்லி என்னைத் தாட்டி உட்டான். எனக்குத்தான் நல்ல கடை தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குது. சாயங்காலம் பாருங்க, கரகரன்னு இருமிக்கிட்டிருந்த சத்தம் ஒரேயடியா மாறிப்போச்சு. சுத்தமான சத்தம். அம்மிணி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. காலேஜ் முடிச்சதுக்கப்பறம் அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க, சொன்னா என்ன. "நான் சொன்ன மாதிரித்தானே பண்ணுன?"ன்னு ஜெபசிங்கைக் கேட்டேன். "இல்ல சார், பெட்ரோலைக் கொறைச்சிருக்கேன்"னான். என்ன ஒரு அடக்கமுங்க அந்தப் பையனுக்கு!

வந்துட்டாங்க, வந்துட்டாங்க. மஞ்சளு... ரெண்டாவது! பாத்தீங்களா? முன்னால போறது வெள்ளை வண்டி. அது மெட்ராஸ் டீம். உங்க ஊர்க்காரன்தான், தப்பா நெனச்சுக்காதீங்க.

எங்க உட்டேன்? ஆங், ஜெபசிங்கு. எவ்வளவு பெட்ரோல் உடணும்னு வண்டிக்கு எப்படித் தெரியும்னு அவனையே கேட்டேன். காத்து உள்ள போற குழாயில ஒரு சாமானைக் கழட்டிக் காட்டினான். கறுப்பா ஒரு வளையம், உள்ள முடி மாதிரி மெல்லிசா ஒரு கம்பி. ஏர் ஃப்ளோ சென்சாராம். உள்ள போற காத்து எவ்வளவுன்னு அந்தக் கம்பி அளந்து சொல்லுமாம், அதைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோல் உடுமாம். "வண்டிக்கு மூக்கு இதுதான் சார். கை படக்கூடாது. இது இல்லாம வண்டி ஒரு ரவுண்டு போகாது"ன்னான். எனக்குச் சிலிர்த்துப் போச்சு. இத்தினியூண்டுக் கம்பிங்க! இந்தப் பெரிய எஞ்சினோட உசுரே அதுலதான் இருக்குது.

அதுக்கப்பறம் ஆயுத பூஜை நோம்பி வந்துச்சு.

அம்மிணி வண்டியும் நிக்கறது எங்க பட்டறையிலதான், அங்க ஆயுத பூஜைன்னா சும்மா இல்லீங்க. எங்கப்பன் காலத்துல இருந்து ஒரு சாங்கியம் இருக்குது. ஒரு சுத்தியல்ல இருந்து ஒரு திருகாணி வரைக்கும், பட்டறையில இருக்கற எல்லாத்துக்கும் வீட்டுத் தலைவன் கையாலயே பொட்டு வெக்கணும். ஒண்ணு உட்டுப்போச்சுன்னா அந்தச் சாமான் மனசு நோகும்னு சொல்லுவாங்க. கல்லுல எழைச்ச சந்தனம், அதுல பன்னீரு, நடுவுல குங்குமம். கம்ப்ரசருக்கு வெச்சேன், ஜாக்கிக்கு வெச்சேன், ஜெபசிங்கோட லேப்டாப்பு மூடி மேலயும் வெச்சேன். அவன் ஊருக்குப் போயிருந்தான். அம்மிணியும் அவங்கம்மாளும் ஆளுங்களுக்குப் பொரிகடலை குடுத்துக்கிட்டிருந்தாங்க.

பாத்தா, மேசை மேல அந்தச் சென்சாரு. சுத்தம் பண்றதுக்குன்னு அம்மிணி கழட்டி வெள்ளைத் துணியில வெச்சு, பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி வெச்சிருக்கறா. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. ஸ்பேனருக்கெல்லாம் பொட்டு, வண்டிக்கே மூக்கா இருக்கறதுக்கு இல்லையா? நீங்களா இருந்தா உடுவீங்களா? கவரை எடுத்தேன். வெளியில ஒரு பொட்டு வெச்சேன். அது போதும்னு மனசு சொல்லல. உசுரு உள்ளதானே இருக்குது? விரல் போகல. கை படக்கூடாதுன்னு அந்தப் பையன் வேற சொல்லியிருந்தான், அவன் பேச்சுக்கும் மரியாதை குடுக்கணுமில்லீங்களா. ஒரு ஊதுபத்திக் குச்சியை எடுத்து, சந்தனத்துல தொட்டு, மூச்சைப் புடிச்சுக்கிட்டு, அந்தக் கம்பிக்கே நேரா வெச்சேன். அவ்வளவு பதனமா வெச்சேன்.

மக்காநாள் அம்மிணி வெளியில இருந்த பொட்டைத் தொடச்சுட்டு வண்டியில மாட்டிட்டா. உள்ள இருந்தது அவளுக்குத் தெரியல. நானும் சொல்லல. சாமி காரியத்தைச் சொல்லிக் காட்டுனா பலன் போயிருமுங்க. "ரேஸுக்கு முன்னால ஒருக்கா உருளையில ஏத்திப் பாத்தரலாம்ப்பா, ஜெபசிங் வந்தறட்டும்"னா. "நல்ல நேரம் பாத்து மாட்டியாச்சு, மறுபடி எதுக்கம்மிணி கட்டி இழுத்துட்டு?"ன்னு நான்தான் சொன்னேன். நாளும் நெருங்கிருச்சு. சரின்னுட்டா.

ரேஸ் அன்னைக்கு வண்டி பறந்துச்சுங்க! அப்படி ஒரு ஓட்டத்தை நீங்க பாத்திருக்கணும். பொறப்பட்டதுமே மொதல் எடம். ஜெபசிங்கே "என்ன இப்படிப் போகுது?"ன்னு லேப்டாப்பைத் தட்டித் தட்டிப் பாக்கறான், அவன் மொகம் வெளிறிப்போச்சு. சந்தோசத்துலன்னு நெனச்சேன். வண்டியை உள்ள கூப்புடச் சொல்லி அவன் கத்தறான். நான் அவன் தோளைப் புடிச்சு, "மொதல்ல போறவளை எதுக்குப்பா கூப்படறே, கண்ணு வெக்காத"ன்னு சொன்னேன். ரேடியோவுல அவன் என்ன சொன்னானோ, இந்த இரைச்சல்ல அவளுக்குக் கேட்டுதோ இல்லையோ. கடைசி ரவுண்டு. அதோ வேப்பமரம் நிக்குதில்லீங்களா, அந்த வளைவு. அங்க வந்ததும் டொம்முன்னு ஒரு சத்தம். பின்னால ஒரே பொகை. அம்மிணி வண்டியை ஓரமா உட்டு நிறுத்திட்டா. ஒவ்வொருத்தனா அவளைத் தாண்டிப் போறான். என்ற கண்ணு முன்னால போறான்.

வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்தாங்க. அம்மிணி எறங்கிப் போயி ஒரு டயர் மேல உக்காந்தா. ஹெல்மெட்டைக் கழட்டவே இல்லீங்க. நெம்ப நேரமா அப்படியே உக்காந்திருந்தா. வேர்த்து ஊத்துமேன்னு நான் தண்ணி பாட்டிலைக் கொண்டு போயி, "கழட்டீட்டுக் குடி கண்ணு"ன்னேன். கழட்டல. தோளு மட்டும் குலுங்கிக்கிட்டு இருந்துச்சு. எஞ்சின் அதிர்வு ஒடம்புல இருந்து போறதுக்கு நேரமாகுமாட்ட இருக்குது.

அப்பறம் ஜெபசிங்கு எஞ்சினைப் பிரிச்சான். பிஸ்டன் நடுவுல ஓட்டை, வெரல் போற அளவுக்கு. அப்பறம் அந்தச் சென்சாரைக் கழட்டுனான். வெளிச்சத்துல தூக்கிப் பாத்தான். அம்மிணிகிட்டக் குடுத்தான். அம்மிணி பாத்துட்டு என்கிட்டக் குடுத்தா. அந்தக் கம்பி மேல சந்தனம் காஞ்சு கெட்டியா ஒட்டியிருக்குது. அவன் சொல்றான்: "சார், இந்தக் கம்பி மேல போர்வை போத்துன மாதிரி ஆயிட்டு. வர்ற காத்து அதுக்குத் தெரியல. காத்து கொறச்சல்னு சொல்லிட்டு. கம்ப்யூட்டரும் பெட்ரோலைக் கொறச்சிட்டு. எஞ்சின் சூடாயி வெந்து போச்சு."

நான் உடுவேனுங்களா? "தம்பி, சந்தனம் சூடா குளிர்ச்சியா?"ன்னு ஒரே கேள்வி கேட்டேன். "வெயில் காலத்துல நெத்தியில எதுக்குப்பா சந்தனம் பூசறோம்? அம்மை கண்டவங்களுக்கு எதுக்குப் பூசறோம்? குளிர்ச்சிக்கு. குளிர்ச்சியான ஒண்ணை வெச்சா எஞ்சின் எப்படிச் சூடாகும்? நான் வெக்காம இருந்திருந்தா பாதியிலேயே வெடிச்சிருக்கும், கடைசி ரவுண்டு வரைக்கும் தாங்குனதே அந்தச் சந்தனத்தாலதான்"னேன். நான் அதோட உடல. எனக்குப் பழக்கமான சித்த வைத்தியர் ஒருத்தரை ஜெபசிங்கு ஷெட்டுக்கே கூட்டீட்டுப் போயி, எல்லார் முன்னாலயும் சொல்லச் சொன்னேன். "சந்தனம் குளிர்ச்சிதான், அதுல ரெண்டு பேச்சே இல்ல"ன்னு அவரு கணீர்னு சொன்னாரு. ஜெபசிங்கு வெளிய போய்ட்டான். ஊட்டுக்காரி தலையில அடிச்சுக்கிட்டா. நாயம் தோத்துப்போற எடத்துல அப்படித்தானுங்களே ஆகும்.

அம்மிணி மட்டும் ஒரு சத்தம் போடல. சண்டை போட்டிருந்தாக்கூட ஆத்தியிருப்பேன். கிட்ட வந்து, "அப்பா, இனிமே நீங்க வண்டிகிட்ட வரக்கூடாது"ன்னா. அவ்வளவுதான். குரல்கூட உசரல. அதுக்கப்பறம் சாப்பிடறீங்களா, தூங்கலையா, மாத்திரை போட்டீங்களா, இதுதான் பேச்சு. வண்டியைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. புது எஞ்சின் வந்துச்சு, புதுச் சென்சார் வந்துச்சு, எல்லாம் மூணாம் மனுசர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சைக்கிள்ல முன்னால உக்கார வெச்சு ஊரெல்லாம் சுத்திக் காட்டுன புள்ளைங்க. அப்படியே ஒரு வருசம் போச்சு.

ஏனுங், தண்ணி இருந்தாக் கொஞ்சம் குடுங்க. இன்னும் அந்த வெள்ளை வண்டிதான் முன்னால போகுது. உடமாட்டேங்கறான்.

இந்த வருசம் ஆயுத பூஜைக்கு என்ன பண்ணுனாங்க தெரியுமா? நோம்பிக்கு மொத நாளே வண்டியை லாரியில ஏத்தி ஜெபசிங்கு ஷெட்டுக்குக் கொண்டு போய்ட்டாங்க. திருகாணி வரைக்கும் பொட்டு வெச்ச பட்டறையில, வண்டி நின்ன எடம் மட்டும் காலி. அந்தக் காலி எடத்துல தண்ணி தெளிச்சு ஒரு கோலத்தைப் போட்டுட்டு ஊட்டுக்காரி ஒண்ணுந் தெரியாத மாதிரி போறா. பூஜை இல்லாத வண்டியில புள்ள ரேஸுக்குப் போறா. எனக்குச் சோறு எறங்குமா?

அதனாலதானுங்க இன்னைக்குக் காலையில...

சொல்றேன், ஆனா சத்தம் போட்டுறாதீங்க. காலையில வெடியறப்பவே எந்திரிச்சு, சந்தனம் எழைச்சு டப்பாவுல போட்டு, இந்த மஞ்சப் பையில வெச்சுக்கிட்டுக் கெளம்பிட்டேன். ஊட்டுக்காரி "எங்க போறீங்க?"ன்னா. "நடக்கப் போறேன்"னேன். எப்பவும் நூறு கேள்வி கேக்கறவ, இன்னைக்கு ஒண்ணும் கேக்கல. போனை எடுத்துக்கிட்டு அடுப்படிக்குள்ள போயி ஆருகிட்டயோ குசுகுசுன்னு பேச ஆரம்பிச்சுட்டா. அவ அக்கா கூடத்தான் அப்படிப் பேசுவா. எனக்கு வசதியாப் போச்சு.

இங்க வந்தா, பிட் வாசல்ல செக்யூரிட்டி. என்ன பொய் சொல்றதுன்னு வழியெல்லாம் யோசிச்சுட்டு வந்தேன். அந்தாளு என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, "மஞ்ச வண்டி அப்பாங்களா? வாங்க, வாங்க"ன்னு கதவையே தெறந்துட்டான். நம்ம மொகராசி அப்படிங்க. உள்ள போனா அம்மிணியும் இல்ல, ஜெபசிங்கும் இல்ல. வண்டி அந்த மூலையில நிக்குது, அதைச் சுத்திக் கயிறு கட்டியிருக்குது, ஒரு தடியன் வேற நாற்காலி போட்டு உக்காந்திருக்கறான். ஆனா இந்தப் பக்கம், வாசலுக்கு நேரா, ஒரு மேசை. மேசை மேல புதுத் துண்டு. துண்டு மேல அந்தச் சென்சாரு.

தானா கழட்டி வெச்சிருக்குதுங்க! பக்கத்துல ஒரு தட்டுல பூ. கற்பூரம். தீப்பெட்டி. ஒரு கட்டு ஊதுபத்திகூட இருந்துச்சு. சாமியே எடுத்து வெச்ச மாதிரி.

என்னங்க, மொகமே மாறிப்போச்சு? ஆமாங்க, வெச்சேன். குச்சியில தொட்டு, கம்பிக்கே நேரா. இந்தத் தடவை ரெண்டு தொடு. போன தடவை பத்தாமப் போயிருக்குமோன்னு ஒரு எண்ணம். ஐயையோங்கறீங்களா? நீங்களுமா? சந்தனம் குளிர்ச்சிதானுங்களே! கீழ போயிச் சொல்றேங்கறீங்களா? உக்காருங்க, உக்காருங்க. கடைசி ரவுண்டு வந்துருச்சு. குடையைப் புடிங்க.

வேப்பமரம் வளைவு. போன வருசம் அங்கதான்... ஏனுங், நீங்க பாருங்க, என்னால பாக்க முடியல. வந்துட்டாளா? பொகை இருக்குதா? சத்தம்... சத்தம் நல்லாத்தான் இருக்குது. சுத்தமான சத்தம். என்னது, தாண்டிட்டாளா? வெள்ளையைத் தாண்டிட்டாளா? உள்பக்கமாவா? ஐயோ, என்ற சாமி! மஞ்சளு! மஞ்சளு முன்னால! கொடி! கொடி ஆட்டிட்டான்!

ஜெயிச்சுட்டாளுங்க. என்ற புள்ள ஜெயிச்சுட்டா.

இருங்க, கண்ணைத் தொடச்சுக்கறேன். இனி அவளை நிறுத்த ஆளில்ல. எந்த நாட்டுல வேணும்னாலும் போயி ஓட்டட்டும். போதுமுங்க, எனக்கு இது போதும்.

இப்பச் சொல்லுங்க, நாயம் ஆரு பக்கம்? போன வருசம் ஒரு தொடு, கடைசி ரவுண்டு வரைக்கும் தாங்குச்சு. இந்த வருசம் ரெண்டு தொடு, கொடி வாங்கியாச்சு. இதுக்கு மேல என்ன ருசு வேணும்? இன்னொண்ணு சொல்றேன், கேட்டா உங்களுக்கே உருக்கமா இருக்கும். காலையில அதைக் கையில எடுத்துப் பாக்கறேன், போன வருசம் நான் வெச்ச சந்தனம் அந்தக் கம்பி மேல அப்படியே இருக்குதுங்க! காஞ்சு, கெட்டியா, ஒரு துளி உதிரல. ஒரு வருசமா அதைச் சொரண்டாம வெச்சிருக்கறாங்க. வாயில என்னதான் பேசுனாலும் மனசுக்குள்ள மரியாதை இருந்திருக்குது பாருங்க. நான்தான் அந்தப் பையனைத் தப்பா நெனச்சுட்டேன்.

வேணும்னா நீங்களே பாருங்க. இந்தாங்க, பையிலதான் இருக்குது. பூஜை முடிச்சுட்டுக் கெளம்பறப்ப அந்தத் தடியன் ஓடியாந்து, "ஐயா, இதைக் கையோட எடுத்துட்டுப் போயிருங்க, பத்திரமா வெச்சுக்குங்க, சிந்துஜா அக்கா சொல்லியிருக்கு"ன்னு என்ற கையிலயே குடுத்துட்டான். வண்டியோட மூக்கையே நம்பிக் குடுக்கறதுன்னா சும்மாவா? பாத்துப் புடிங்க, கை படக்கூடாது.

இது இல்லாம வண்டி ஒரு ரவுண்டு போகாதுன்னு நான்தான் சொன்னேன், ஆமா. இது என்ற கையில இருக்கறப்ப அங்க வண்டி எப்படி ஓடுச்சுங்கறீங்களா?

...

நீங்க வக்கீலுங்களா? இல்ல, கேள்வி அந்த மாதிரி இருக்குது. அதுக்குத்தானுங்க ஜெபசிங்கு இருக்கறான். அவன் புதுசா ஏதோ ஒண்ணை மாட்டியிருப்பான், அது அவன் வேலை. மாட்டுறது ஆருக்கும் மாட்ட வரும். பொட்டு வெச்சது எதுக்கு? இதுக்கு. ஜெயிச்சது எது? வண்டி. ரெண்டுக்கும் சம்மந்தம் இல்லீன்னு உங்களால சொல்ல முடியுமா?

போன் அடிக்குது. இருங்க... அம்மிணி! கண்ணு! நான் ஊட்டுலதான் இருக்கறேன், டிவியில... என்னது? ... பச்சைக் குடையா? ... சரி. ... சரி கண்ணு. ... ஆமா, பையிலதான் இருக்குது. ... ஒவ்வொரு ரேஸுக்குமா? எந்த ஊரா இருந்தாலுமா? ... நான் பத்திரமா வெச்சுக்கறேன் கண்ணு. நீ அதைப் பத்தி வெசனப்படாத. வர்றேன், வர்றேன்.

கேட்டீங்களா? கீழ வரச் சொல்றா. குடைக்குப் பின்னால இருந்தது மொதல்ல இருந்தே தெரியுமாம். இனி எந்த ரேஸா இருந்தாலும் இதை நான்தான் பூஜை பண்ணிக் கையில வெச்சிருக்கணுமாம். வேற ஒருத்தர்கிட்டயும் குடுக்கக் கூடாதாம். "அப்பா, அது உங்க கையில இருந்தாத்தான் எனக்குப் பயமில்லாம ஓட்ட முடியும்"னு சொல்றாளுங்க. சிரிச்சுக்கிட்டே சொல்றா. ஒரு வருசம் கழிச்சு என்கிட்ட வண்டியைப் பத்திப் பேசறா.

குடையை மடக்கிக்குங்க, இனி வேண்டியதில்ல. நெம்பப் பொறுமையாக் கேட்டீங்க, உங்களுக்கு நான் ஏதாச்சும் செய்யணும். டப்பாவுல இன்னும் கொஞ்சம் சந்தனம் மிச்சமிருக்குது. உங்க வண்டி எங்க நிக்குது? அந்த வெள்ளைக் காருங்களா, வேப்பமரத்துக்கு அந்தாண்ட? வாங்க, போற வழிதான், பானெட்டை மட்டும் சித்தத் தெறந்து காட்டுங்க.